பாய்மரப் படகுல கயிறு பேருங்கள கத்துக்கறது எப்படி? வடசென்னையிலேர்ந்து புதுசா போறவங்களுக்கு

பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கப் போற நிறைய பேரு ஆரம்பத்துலயே விட்டுடறாங்க. கடல பாத்து பயந்து இல்ல, தலை சுத்தியும் இல்ல, கயிறுங்க பேர் புரியாமத்தான். படகுல உக்காந்த உடனே பின்னாடிலேர்ந்து "ஷீட்ட ஈஸ் பண்ணு, கிக்கர் போடு, ஹல்யார்ட பாரு"ன்னு சத்தம் வரும், காத்து அடிக்கும், பாய் படபடக்கும், கைக்கு எட்டற தூரத்துல அஞ்சாறு கயிறு கெடக்கும், எல்லாம் ஒரே தடிமன்ல ஒரே மாதிரி இருக்கும். எத எடுக்கறதுன்னு யோசிக்கறதுக்குள்ள படகு சாஞ்சுடும். சொல்லித்தர்றவங்களுக்கு இந்தப் பேரெல்லாம் பழகிப் போச்சு, அதனால புதுசா வர்றவனுக்குப் புரியாதுன்றதே அவங்களுக்குத் தோணாது. நானும் அதுல ரொம்ப நாள் திணறினேன், ஒவ்வொண்ணா கேட்டு, வரைஞ்சு, வீட்டுல கட்டிப் பாத்துதான் பிடிபட்டுச்சு. உங்களுக்கு அந்தத் திணறல் வேணாம்.

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கற நாம கடலோரத்துலயே பொறந்து வளர்ந்தவங்க. ஆனா பாய்மரப் படகுங்க துறைமுகத்துக்குள்ள இருக்கறதால அது வேற யாருக்கோன்னு நெனச்சு நம்ம பசங்க கேட்டு வரைக்கும்கூட போறதில்ல. போங்க. இந்த மொத்த கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: பேர மனப்பாடம் பண்ணாதீங்க, கயித்தோட வேலைய பிடிங்க. எந்தக் கயிறு எதுல ஆரம்பிச்சு எதுல முடியுது, இழுத்தா என்ன ஆகுது, விட்டா என்ன ஆகுது, இது தெரிஞ்சா பேரு தன்னால வந்து ஒட்டிக்கும்.

1. முதல்ல பேப்பர், பாஸ், நீச்சல்

ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் சரி, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் சரி, படகு இறக்கறது சென்னைத் துறைமுகத் தண்ணியிலதான். துறைமுகம்னா சிஐஎஸ்எஃப் காவல். நேரா போயி "கிளப்புக்குப் போறேன் சார்"னு சொன்னா உள்ள விட மாட்டாங்க. முன்னாடியே ஃபோன் பண்ணி, உங்க பேர்ல பாஸுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டு, எந்த கேட்டு, எத்தனை மணின்னு தெளிவா கேட்டுக்கிட்டுதான் கிளம்பணும். பீச் ஸ்டேஷன்லயோ ஹைகோர்ட் மெட்ரோலயோ இறங்கினா அங்கேர்ந்து ஆட்டோ இருக்கு, ஆனா தப்பான கேட்டுல இறங்கிட்டா வெயில்ல ரொம்ப தூரம் நடக்கணும், லாரி ட்ராஃபிக் வேற.

கையில வெச்சுக்க வேண்டியது: ஆதார் ஒரிஜினல், ரெண்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு. பேரு ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே ஃபாரத்துலயும் எழுதுங்க, இனிஷியல் முன்ன பின்ன ஆனாகூட கேட்டுல நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா பிறப்புச் சான்றிதழ் காப்பியும் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்ட லெட்டரும் எடுத்துட்டுப் போங்க. ஒரு எம்பிபிஎஸ் டாக்டர்கிட்ட ஃபிட்னெஸ் லெட்டர் ஒண்ணு வாங்கி வெச்சுட்டா கேக்கறப்ப ஓட வேண்டியதில்ல.

நீச்சல் ஓரளவு தெரிஞ்சிருக்கணும். லைஃப் ஜாக்கெட் போட்டுதான் படகுல ஏறுவீங்க, இருந்தாலும் தண்ணியில விழுந்தா பதறாம மிதக்கத் தெரியணும். ஏன் இதக் கயித்துக் கட்டுரையில சொல்றேன்னா, தண்ணி பயம் இருக்கறவங்களுக்கு கயிறு பேரு மண்டையில ஏறவே ஏறாது, கவனம் பூரா தண்ணி மேலயே இருக்கும்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டுடுங்க: ஃபீஸுக்குள்ள படகு வாடகை, லைஃப் ஜாக்கெட், தற்காலிக மெம்பர்ஷிப் எல்லாம் அடக்கமா, தனியா கட்டணுமா? மழை, புயல்னு கிளாஸ் நின்னா அந்த நாள திருப்பித் தருவீங்களா? முக்கியமா, முதல்ல எந்தப் படகுல ஏத்துவீங்க? இந்தக் கடைசிக் கேள்விய யாரும் கேக்கறதில்ல, அதுலதான் எல்லாம் இருக்கு.

2. எந்தப் படகுன்னு தெரிஞ்சுகிட்டு அதோட கயித்த மட்டும் படிங்க

இன்டர்நெட்ல "பாய்மரக் கயிறு பேரு"ன்னு தேடினா நூறு பேரு வரும். அதுல முக்கால்வாசி நீங்க ஏறப்போற படகுல இருக்காது. பெரிய கப்பல் கயிறெல்லாம் படிச்சுட்டுப் போயி சின்னப் படகுல உக்காந்தா குழப்பம்தான் மிஞ்சும்.

சின்னப் பசங்கன்னா பெரும்பாலும் ஆப்டிமிஸ்ட். 15 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கான படகு, ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய். பாய மரத்தோட சின்னச் சின்ன கயிறால கட்டியிருப்பாங்க, குறுக்க ஸ்ப்ரிட்னு ஒரு கம்பு பாயோட மேல் மூலைய தூக்கிப் பிடிக்கும், அந்தக் கம்ப டைட் பண்ண ஒரு கயிறு இருக்கும்.

பெரியவங்கன்னா ஐஎல்சிஏ, முன்னாடி லேசர்னு சொல்லுவாங்க. 4.2 மீட்டர், ஒரு ஆளு, ஒரு பாய். நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கும் போனது இந்த வகைப் படகுலதான். இதுல பாயோட ஓரம் ஒரு பை மாதிரி தச்சிருக்கும், மரத்த அதுக்குள்ள சொருகிடுவாங்க, அதனால பாய ஏத்தற கயிறே கிடையாது, பக்கவாட்டு ஒயரும் கிடையாது. முக்கியமா தெரிய வேண்டியது அஞ்சுதான்: மெயின்ஷீட், டிராவலர், கிக்கர், கன்னிங்ஹாம், அவுட்ஹால். டிராவலர்னா படகோட பின்பக்கம் குறுக்க கட்டியிருக்கற கயிறு, மெயின்ஷீட்டோட கப்பி அதுமேலதான் நகரும்; மத்த நாலும் என்னன்னு கீழ சொல்றேன்.

ரெண்டு பேர் ஓட்டற 420 மாதிரி படகுன்னா முன்னாடி இன்னொரு பாய், அதுக்குத் தனிக் கயிறு, ஒயர், ஸ்பின்னேக்கர்ன்ற பெரிய பலூன் மாதிரி பாய்னு லிஸ்ட் நீளும். நாலஞ்சு பேர் ஏறற, அடியில கனமான துடுப்பு மாதிரி கீல் வெச்ச கீல் படகுல இன்னும் அதிகம். ஐஎல்சிஏல கத்துகிட்டு அங்க போறவங்க தெரிஞ்சிக்க வேண்டியது, நீங்க பாதிதான் படிச்சிருக்கீங்க, பாய ஏத்தற ஹல்யார்டும், ஜிப்ன்ற முன் பாய இழுக்கற ஜிப் ஷீட்டும் புதுசா படிக்கணும். அதுக்காக இப்பவே எல்லாத்தையும் படிக்காதீங்க.

3. ஒரு துண்டு கயிறு வாங்குங்க

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தச் சுத்தி வலைக் கடை, கயித்துக் கடை இருக்கு, கிலோ கணக்குல குடுப்பாங்க. பாரிமுனையில லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு பக்கம் ஹார்டுவேர் கடைங்கள்லயும் கேக்கலாம். 8 மில்லிமீட்டர் தடிமன், ரெண்டு வேற வேற கலர், ஒவ்வொண்ணும் அஞ்சு மீட்டர் போதும். கட்டு மொத்தமா தலையில கட்டப் பாப்பாங்க, துண்டா வெட்டித் தரச் சொல்லுங்க. இருநூறு முந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். கூட ஒரு உருண்டை மெழுகு நூலு, ஒரு லைட்டர்.

இங்கயே ஒரு விஷயத்தக் கையால தெரிஞ்சுக்குங்க, இது புத்தகத்துல வராது. நைலான இழுத்தா நீளும், அதனால நங்கூரத்துக்கும் படகக் கட்டி வெக்கறதுக்கும் நல்லது, அலை இழுக்கறப்ப இழுவைய வாங்கிக்கும். பாலியஸ்டர் அவ்ளோ நீளாது, அதனாலதான் ஷீட், ஹல்யார்டுக்கெல்லாம் அது. மஞ்சள், நீலம்னு பளபளன்னு இருக்கற பாலிப்ரொபிலீன் தண்ணியில மிதக்கும், ஆனா நம்ம வெயில்ல சீக்கிரம் நொறுங்கிப் போயி கையில முள்ளா குத்தும். டைனீமான்னு ஒண்ணு மெல்லிசா இருக்கும், ரொம்ப பலம், வெலையும் ரொம்ப அதிகம், பழகறதுக்கு அது தேவையே இல்ல. கடையில நின்னு நாலையும் தொட்டு, இழுத்துப் பாருங்க, கடைக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

வெட்டின முனைய லைட்டர்ல லேசா உருக்கி, நூல சுத்தி இறுக்குங்க. இல்லன்னா ரெண்டே நாள்ல பிரிஞ்சு போயி கப்பிக்குள்ள நுழையாது.

கையுறையும் வேணும். செய்லிங் கையுறை ஸ்போர்ட்ஸ் கடையில ஆயிரம் ரூபாய்க்கு மேல போகும். ஆரம்பத்துக்கு உள்ளங்கையில தடிமன் இருக்கற சைக்கிள் கையுறையே போதும், வேலை ஆகும்.

4. கயித்த அஞ்சு வகையா பிரிங்க

நூறு பேர தனித்தனியா படிச்சா நிக்காது. படகுல இருக்கற ஒவ்வொண்ணும் இந்த அஞ்சுல ஒண்ணுக்குள்ள வந்துடும்.

ஒண்ணு, மரத்த நிறுத்தி வெக்கறது. பக்கவாட்டுல ஷ்ரௌடு, முன்னாடி ஃபோர்ஸ்டே, சில படகுல பின்னாடி பேக்ஸ்டே. பெரும்பாலும் கம்பி ஒயர். ஓட்டறப்ப இத அவுக்கறதே கிடையாது. ரெண்டு, பாய ஏத்தி இறக்கறது: ஹல்யார்டு. மூணு, பாய உள்ள இழுக்கறது, வெளிய விடறது: ஷீட். நாலு, பாயோட வடிவத்த மாத்தறது: கிக்கர், கன்னிங்ஹாம், அவுட்ஹால். அஞ்சு, படகக் கட்டறது: பெயின்டர், மூரிங் கயிறு, நங்கூரக் கயிறு.

யாராவது ஒரு புதுப் பேரு சொன்னா உடனே "அண்ணா, இது ஏத்தறதா, இழுக்கறதா, வடிவமா, கட்டறதா?"ன்னு கேளுங்க. ஒரு வார்த்தையில பதில் கிடைக்கும், அதுக்கப்புறம் மறக்காது.

5. மொட்டை மாடியில ஒரு பாய் கட்டுங்க

இத செய்யாம தாண்டிப் போகாதீங்க. கிளப்புக்கு ஒரு தடவை போயி வர்ற செலவு இல்லாம, சொல்லித்தர ஆளும் இல்லாம, வேண்டிய நேரம் பழகலாம்.

ஒரு பழைய லுங்கிய மூலைக்கு மூலை வெட்டினா முக்கோணம். ஆறடி சவுக்குக் கட்டை ஒண்ண தண்ணித் தொட்டி பைப்போட சேத்துக் கட்டிடுங்க, அது மரம், அதாவது மாஸ்ட். இன்னொரு சின்னக் கம்ப அதோட அடியில படுக்கையா, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடற மாதிரி கட்டுங்க, அது பூம். மாஸ்ட் உச்சியில ஹார்டுவேர் கடையில கெடைக்கற சின்னக் கப்பி, இல்லன்னா ஒரு இரும்பு வளையம்.

லுங்கி முக்கோணத்துக்கு மூணு மூலை. உச்சி மூலை ஹெட். மரத்து ஓரமா கீழ இருக்கறது டேக். பூமோட வெளி முனைக்கு வர்றது க்ளூ. மரத்த ஒட்டின ஓரம் லஃப், பின் ஓரம் லீச், அடி ஓரம் ஃபுட். டேக்க மரத்தோட கட்டிடுங்க. இப்ப கயித்த ஒவ்வொண்ணா போடுங்க.

ஹெட்டுலேர்ந்து மேல கப்பி வழியா கீழ வர்றது ஹல்யார்டு. கெணத்துல தண்ணி சேந்தற வேலைதான், இங்க கீழ இழுத்தா அங்க மேல ஏறும். க்ளூவ பூம் முனைக்கு இழுத்துக் கட்டறது அவுட்ஹால், இத இழுத்தா பாயோட அடி ஓரம் தட்டையாகும், விட்டா தொப்பை விழும். பூம் நடுவுலேர்ந்து மரத்தோட அடிக்கு சாய்வா வர்றது கிக்கர், சில பேரு வேங்னு சொல்லுவாங்க, பூம் மேல தூக்காம பிடிச்சு வெக்கும். டேக்குக்குக் கொஞ்சம் மேல லுங்கியில ஒரு ஓட்டை போட்டு அதுலேர்ந்து கீழ இழுக்கறது கன்னிங்ஹாம், லஃப் ஓரத்த இறுக்கும். இது ஒரு மனுஷன் பேரு, அதனால அர்த்தம் தேடாதீங்க. கடைசியா பூம் முனையிலேர்ந்து உங்க கைக்கு வர்றது மெயின்ஷீட்.

சாயங்காலம் நம்ம பக்கம் மாடியில கடக்காத்து நல்லா வரும். மெயின்ஷீட்ட விடுங்க, பூம் வெளிய போயி பாய் படபடக்கும், அதுல வேகமே இருக்காது. மெதுவா இழுங்க, ஒரு இடத்துல படபடப்பு நின்னு கயித்துல இழுவை வரும். அந்த இழுவைதான் படக ஓட்டறது. இத கையில உணர்ந்துட்டா, தண்ணியில "ஈஸ்"னு சொன்னா ஏன் விடணும், "ட்ரிம்"னு சொன்னா ஏன் இழுக்கணும்னு யாரும் விளக்கவே வேண்டாம். பக்கத்து மாடிப் பசங்கள கூப்ட்டு பேரு சொல்லச் சொல்லுங்க, நீங்க கண்ண மூடிகிட்டு அந்தக் கயித்தப் பிடிங்க. கண்ணு மூடின பயிற்சி ரொம்ப முக்கியம், ஏன்னா படகுல உங்க கண்ணு பாய் மேலயும் காத்து மேலயும் இருக்கணும், கயித்து மேல இல்ல.

6. படகுல முனை வரைக்கும் கைய ஓட்டுங்க

கிளாஸ் நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போயிடுங்க. படகு கரையில நிக்கறப்ப, பாய் கட்டறப்பதான் கயிறு பேரு கத்துக்க நேரம். தண்ணியில இறங்கினா அதுக்கு நேரமே கிடையாது. "அண்ணா, இன்னிக்கு நானே கட்டட்டுமா? தப்பிருந்தா சொல்லுங்க"ன்னு கேளுங்க, யாரும் வேணாம்னு சொல்லப் போறதில்ல.

ஒரு கயித்த எடுத்து, கையில இருக்கற முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் விரலால ஓட்டிகிட்டே போங்க. எந்தக் கப்பிக்குள்ள போகுது, எங்க திரும்புது, எந்த க்ளீட்டுல, அதாவது கயித்த நிறுத்திப் பிடிக்கற கொக்கியில நிக்குதுன்னு வாய் விட்டுச் சொல்லுங்க. பாதியில இன்னொரு கயித்தோட மாறிடாம பாருங்க, அதுக்குத்தான் கண்ண விட கைய நம்பச் சொல்றேன்.

நோட்டுல இப்படி எழுதுங்க:

மெயின்ஷீட். ஒரு முனை பூம் பக்கம். மறு முனை என் கை. இழுத்தா பாய் உள்ள. விட்டா பாய் வெளிய, படகு நிமிரும்.

கிக்கர். ஒரு முனை பூம். மறு முனை மரத்தோட அடி. இழுத்தா பூம் கீழ. விட்டா பூம் தூக்கும், பாயோட மேல் பாதி திறக்கும்.

இப்படி ஒவ்வொண்ணுக்கும். வரையத் தெரியலன்னாலும் கோடு போட்டு வரைங்க. ஃபோன்ல போட்டோ எடுத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, துறைமுகத்துக்குள்ள போட்டோவுக்குக் கட்டுப்பாடு இருக்கு, கேக்காம எடுத்தா ஃபோன வாங்கி வெச்சுகிட்டு விசாரிப்பாங்க. நோட்டு, பென்சில், ஒரு ஜிப்லாக் கவர், அதுதான் பாதுகாப்பு.

7. மாட்டிக்கற இடங்க

ஷீட்னா துணி இல்ல, பாய் இல்ல, கயிறு. எல்லாரும் முதல்ல மாட்டற இடம் இதுதான். "ஷீட் பிடி"ன்னா பாயப் போயி பிடிச்சுடுவாங்க, காத்துல பாய் கையப் பிச்சுடும்.

ஷீட்ட விட வேண்டிய நேரத்துல ஹல்யார்ட விட்டா பாய் மொத்தமா கீழ விழும். பெரிய படகுல பூம தூக்கிப் பிடிக்க டாப்பிங் லிஃப்ட்னு ஒரு கயிறு இருக்கும், அது கட்டாம இருந்தா பூமே தலையில விழும். அதனால ஹல்யார்ட தொடறதுக்கு முன்னாடி மேல பாத்துட்டு, "ஹல்யார்டு விடறேன்"னு சத்தமா சொல்லிட்டுத்தான் விடணும். இன்னொண்ணு, பாய்லேர்ந்து கழட்டின ஹல்யார்டு முனைய கையிலேர்ந்து விட்டுடாதீங்க, எங்கயாவது மாட்டி வெச்சுடுங்க. அது மேல ஓடி மரத்து உச்சிக்குப் போயிட்டா படகச் சாய்ச்சோ, மரம் ஏறியோதான் எடுக்கணும், அன்னிக்கு கிளாஸ் அவ்ளோதான்.

கலர வெச்சுப் படிக்காதீங்க. இந்தப் படகுல நீலக் கயிறு ஜிப் ஷீட்டா இருக்கும், பக்கத்துப் படகுல அதே நீலம் அவுட்ஹாலா இருக்கும். கயிறு அறுந்தா கையில இருக்கற கலர போட்டுடுவாங்க.

முன் பாய்க்கு ஷீட்டு ரெண்டு. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, ரெண்டும் ஒரே க்ளூவுலதான் கட்டியிருக்கும். ஒரு நேரத்துல ஒண்ணுதான் வேலை செய்யும், சும்மா இருக்கறத லேசி ஷீட்னு சொல்லுவாங்க. படகு திரும்பறப்ப பழையத விடணும், புதுசா இழுக்கணும். விடாமயே இழுத்தா பாய் நடுவுல மாட்டிக்கும்.

டேக்ன்ற சொல் ரெண்டு மூணு இடத்துல வரும். பாயோட முன் கீழ் மூலையும் டேக், காத்துக்கு எதிரா படக மறுபக்கம் திருப்பறதும் டேக், காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சொல்றதும் ஸ்டார்போர்ட் டேக், போர்ட் டேக்னுதான். படகு நிக்கறப்ப சொன்னா மூலை, ஓடறப்ப கத்தினா திரும்பறது, பெரும்பாலும் இப்படிப் புரிஞ்சுக்கலாம்.

போர்ட்னா படகோட மூக்கப் பாத்து நின்னா இடது, சிவப்பு. ஸ்டார்போர்ட் வலது, பச்சை. நீங்க பின்பக்கம் பாத்து உக்காந்திருந்தாலும் அது மாறாது. உங்க இடது கை பக்கமா படகோட இடது பக்கமான்ற குழப்பத்துலதான் தப்பான ஷீட்ட எடுக்கறது.

கடைசியா, இத தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்குங்க: எந்தக் கயித்தையும் கையில சுத்திப் பிடிக்காதீங்க. திடீர்னு காத்து ஏறினா விரலோட இழுத்துட்டுப் போகும். அதே மாதிரி தரையில கெடக்கற கயித்து வளையத்துக்குள்ள கால வெக்காதீங்க. விஞ்ச், அதாவது கயித்த சுத்தி இழுக்கற உருளை இருக்கற படகுன்னா கயித்த எப்பவும் கடிகாரம் சுத்தற திசையில சுத்தணும், விரல உருளைக்கிட்ட கொண்டு போகாம உள்ளங்கையால தள்ளி விடணும்.

8. முடிச்சு நாலு போதும்

எட்டு (8) வடிவ முடிச்சு: ஷீட்டோட முனையில போடறது, கப்பி வழியா கயிறு ஓடிப் போகாம நிறுத்தும். போலின்: ஜிப் ஷீட்ட க்ளூவுல கட்ட, எங்க வளையம் வேணுமோ அங்கெல்லாம். எவ்ளோ இழுத்தாலும் இறுகிப் போகாது, அவுக்கலாம். ஆனா வழவழப்பான கயித்துல படபடத்துப் படபடத்து லூஸாகும், அதனால வால ஒரு சாண் நீளம் விடுங்க. ஒரு முழுச் சுத்து ரெண்டு அரை முடிச்சு: வளையத்துலயோ கம்புலயோ படகக் கட்ட. அப்புறம் க்ளீட்டுல எட்டு எட்டா சுத்தி நிறுத்தறது.

யூடியூப்ல பாக்கலாம், ஆனா வீடியோவுல இடது வலது மாறிப் போயி குழப்பும். நம்ம ஊர்ல இருக்கற பெரிய வசதி காசிமேடு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில நிக்கும், அண்ணனுங்க வலை பின்னிகிட்டு, படகு ரிப்பேர் பாத்துகிட்டு இருப்பாங்க. கயித்த எடுத்துட்டுப் போயி, "ஐயா, இந்த முடிச்சு கொஞ்சம் காட்டுங்களேன்"னு மரியாதையா கேளுங்க. அவங்க சொல்ற பேரு கிளப்புல சொல்ற பேரா இருக்காது, முடிச்சு பெரும்பாலும் அதேதான். மெதுவா ஒரு தடவை போடச் சொல்லிட்டு, அவங்க முன்னாடியே நீங்க போட்டுக் காட்டுங்க. காலைல ஏலம் நடக்கற நேரத்துல போயி தொந்தரவு பண்ணாதீங்க, பதினொரு மணிக்கு மேல போங்க.

9. சத்தத்துக்கு சத்தமா பதில்

ஓட்டறவரு ஏதாவது சொன்னா அப்படியே திருப்பிச் சொல்லிட்டு செய்யுங்க. "ஜிப் ஷீட் ஈஸ்"னு அவரு சொன்னா, "ஜிப் ஷீட் ஈஸ்"னு நீங்களும் சொல்லி, கயித்தத் தொட்டு, அப்புறம் விடணும். தப்பான கயித்துல கை இருந்தா அவரு அந்த ஒரு நொடியில பாத்து நிறுத்திடுவாரு. புரியலன்னா "எது?"ன்னு கத்துங்க, சும்மா ஏதோ ஒண்ண இழுத்துடாதீங்க. அடிக்கடி வர்றது இவ்ளோதான்: ஈஸ்னா கொஞ்சமா விடு, ட்ரிம்னா இழு, ஹோல்டுன்னா அப்படியே பிடி, ரெடி அபௌட்னா திரும்பப் போறோம் தயாரா இரு, மேக் ஃபாஸ்ட்னா கட்டு, காஸ்ட் ஆஃப்னா கட்ட அவுத்து விடு.

10. எப்ப சேரலாம், எவ்ளோ ஆகும்

ஏப்ரல்லேர்ந்து ஜூலை வரைக்கும் சேர்றது நல்லது. காலைல காத்து கம்மி, அப்ப பாய் கட்டிப் பழகலாம், மதியத்த ஒட்டி கடக்காத்து ஏறும், அப்ப ஓட்டலாம். ஸ்கூல் லீவும் அப்பதான்றதால இடம் சீக்கிரம் நிரம்பும், மார்ச்லயே கேட்டு பேரு குடுத்துடுங்க, பாஸுக்கும் அந்த நேரம் தேவைப்படும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் வாடைக் காத்து, மழை, துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டா யாரும் தண்ணியில இறங்க மாட்டாங்க. அந்த மூணு மாசம் மாடிப் பாயும் முடிச்சும்தான்.

கோர்ஸ் ஃபீஸ் ஆயிரக்கணக்குல வரும், வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால நேரா கேட்டுக்குங்க. அது இல்லாம கயிறு, நூலு, லைட்டர், சவுக்குக் கட்டை, கப்பி எல்லாம் சேத்து எனக்கு ஐநூறுக்குள்ள முடிஞ்சுது, கையுறை தனி. காஸ்ட்லி ஷூ, ஜாக்கெட், கத்தி இதெல்லாம் ஆரம்பத்துல வாங்காதீங்க. ரப்பர் அடி போட்ட, கால விட்டு கழலாத பழைய கேன்வாஸ் ஷூ போதும். மாடிப் பயிற்சிக்கு தினம் சாயங்காலம் இருபது நிமிஷம், கிளாஸ் தொடங்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. பாஸுக்கு ஃபோன் பண்ற அன்னிக்கே போயி கயித்தயும் வாங்கிடுங்க.